எம்1009 வண்டியில் ஆர்டி-524 ரேடியோ: 24 வோல்ட் எங்கே எடுப்பது, ஆன்டெனாவை எங்கே வைப்பது?

பச்சை_பிளேசர்:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1985 எம்1009. அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த ஷெவ்ரலே கே5 பிளேசர், 6.2 லிட்டர் டீசல். 24 வோல்ட் அமைப்பில் யாரும் கை வைக்கவில்லை, இரண்டு ஆல்டர்னேட்டரும் ஓடுகின்றன.

கையில் இருப்பவை: ஆர்டி-524 (ராணுவ வண்டி ரேடியோ), எம்டி-1029 மவுண்ட், எம்எக்ஸ்-6707 மாட்சிங் யூனிட்டோடு (ஆன்டெனாவை ரேடியோவின் அலைவரிசைக்குப் பொருத்தும் பெட்டி) முழு ஏஎஸ்-1729 ஆன்டெனா, எச்-189 ஹேண்ட்செட், ஆன்டெனாவுக்கான சிஎக்ஸ்-4722 கன்ட்ரோல் கேபிள். மவுண்டுக்குப் பவர் கொடுக்கும் சிஎக்ஸ்-4720 மட்டும் இல்லை. என்னிடம் டெக்னீஷியன் கிளாஸ் அமெச்சூர் லைசென்ஸ் இருக்கிறது. காட்சிக்கு மட்டும் வைக்காமல் 6 மீட்டர் பேண்டில் (50 முதல் 54 மெகாஹெர்ட்ஸ்) நிஜமாகவே பேச வேண்டும் என்பதுதான் எண்ணம்.

கேட்க வேண்டியவை:

24 வோல்ட்டை எந்த இடத்தில் எடுப்பது, என்ன வயர், என்ன ஃப்யூஸ்? மவுண்ட்டைப் பின்பக்கச் சாமான் தளத்தில் ஓட்டை போட்டு முடுக்கலாமா? ஆன்டெனா கூரையிலா, பக்கவாட்டிலா? ரேடியோவை முதல் தடவை ஆன் செய்யும்போது என்னென்ன பார்க்க வேண்டும்? இன்னொன்று, 52.525 மெகாஹெர்ட்ஸில் வைக்கப் பார்த்தால் டயல் அந்த எண்ணுக்கு வரவே மாட்டேன் என்கிறது. ரேடியோவில் ஏதும் கோளாறா?

---

ரெண்டு_பேட்டரி:

பவர் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆன்டெனாவுக்கு ஆறுமீட்டர் அண்ணா வருவார்.

இந்த வண்டியில் கரன்ட் எப்படி ஓடுகிறது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். முன் பேட்டரியின் நெகட்டிவ் பாடியில் எர்த். முன் பேட்டரியின் பாசிட்டிவும் பின் பேட்டரியின் நெகட்டிவும் சேரும் இடம் 12 வோல்ட். பின் பேட்டரியின் பாசிட்டிவ் 24 வோல்ட். விளக்கு, வைப்பர், ஹீட்டர் எல்லாம் 12-ல் ஓடும். ஸ்டார்ட்டர், குளோ பிளக் சப்ளை, ஸ்லேவ் சாக்கெட் (வேறு வண்டியிலிருந்து ஸ்டார்ட் செய்யக் கரன்ட் வாங்கும் இடம்), ரேடியோ இவைதான் 24. ஜென்1 ஆல்டர்னேட்டர் முன் பேட்டரியைச் சார்ஜ் செய்கிறது, ஜென்2 பின் பேட்டரியை. ரேடியோ 24 முனையிலிருந்து இழுக்கும் கரன்ட் இரண்டு பேட்டரி வழியாகவும் ஒரே அளவில் போகும், இரண்டு ஆல்டர்னேட்டரும் அவரவர் பங்கை நிரப்பிவிடும். ரேடியோவுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

எம்38ஏ1, எம்151 போன்ற ஜீப்புகளில் ஒரே ஒரு 24 வோல்ட் சார்ஜிங். அங்கே ஒற்றை பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்து ஏதாவது ஓட்டினால், ஒரு பேட்டரி காலியாகிக்கொண்டே வரும், சார்ஜ் ஆகும்போது மற்றது அளவுக்கு மீறி ஏறிக் கொதிக்கும். இரண்டுமே சீக்கிரம் போய்விடும். அந்த வண்டிக்காரர்கள் 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வர்ட்டர்தான் போட வேண்டும். இதைப் படிக்கும் ஜீப்காரர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

உங்களுக்கு: ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) உள்ள டெர்மினல் பிளாக்கில் 24 எது, 12 எது என்று நிறத்தையோ லேபிளையோ நம்பாமல் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 40 வருஷத்தில் எத்தனை கை பட்டதோ. இன்ஜின் நின்றிருக்கும்போது 24 முனைக்கும் நெகட்டிவ் பிளாக்குக்கும் நடுவே 25 வோல்ட் அளவு வர வேண்டும். இன்ஜின் ஓடும்போது 27.5 முதல் 28.5 வரை. பிறகு ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியே அளந்து பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் சரியில்லை. அதைச் சரிசெய்யாமல் ரேடியோவை இணைக்காதீர்கள். இந்த ரேடியோவுக்கு 22-க்கு மேல், 30-க்குக் கீழ் வேண்டும். 30-ஐத் தாண்டினால் உள்ளே இருக்கும் பவர் சப்ளைக்கு ஆபத்து.

ஆல்டர்னேட்டர் மாற்ற நேர்ந்தால் கவனம். இந்த வண்டியில் இருப்பவை நெகட்டிவ் முனை உடலோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் வகை. ஜென்2-வின் நெகட்டிவ் 12 வோல்ட் முனையில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் கடையில் கிடைக்கும் சாதாரண ஆல்டர்னேட்டரைப் போட்டால், அதன் உடல் வழியாக முன் பேட்டரி நேராக ஷார்ட் ஆகும்.

வயர்: ரேடியோ ஹை பவரில் டிரான்ஸ்மிட் செய்யும்போது சுமார் 10 ஆம்பியர் இழுக்கும், ரிசீவில் 3 ஆம்பியர் அளவு. ஃபயர்வாலிலிருந்து பின்பக்கம் வரை 3 மீட்டர் என்று வைத்தால் போக வர 6 மீட்டர். 10 கேஜ் செம்பு வயரில் இழப்பு 0.2 வோல்ட்தான். அதையே 16 கேஜில் இழுத்தால் 0.8 வோல்ட் போய்விடும், இன்ஜின் நின்றிருக்கும்போது பேசினால் அது தெரியும். 10 கேஜ் போடுங்கள், அதற்கு மெல்லியது வேண்டாம். 30 ஆம்பியர் ஃப்யூஸ், 24 பிளாக்கிலிருந்து 20 செ.மீ.க்குள். ஃப்யூஸ் ரேடியோவைக் காப்பதற்கு அல்ல, நடுவழியில் வயர் எங்காவது தகட்டில் உரசினால் வண்டி எரியாமல் இருப்பதற்கு. அதனால் ரேடியோ பக்கத்தில் ஃப்யூஸ் வைத்துப் பயனில்லை. தகட்டைத் தாண்டும் ஒவ்வொரு ஓட்டையிலும் ரப்பர் கிராமெட்.

நெகட்டிவ் வயரையும் பிளாக் வரை கொண்டுபோங்கள். "பாடிதான் எர்த் ஆச்சே" என்று பக்கத்தில் இருக்கும் போல்ட்டில் முடிக்காதீர்கள். அந்த போல்ட் துருப்பிடித்துத் தளர்ந்தால், 10 ஆம்பியரும் ஆன்டெனா கோஆக்ஸின் (ரேடியோவையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கேபிள்) பின்னல் வழியாகத் திரும்பப் பார்க்கும். அந்தப் பின்னல் இவ்வளவு கரன்ட்டுக்காகச் செய்தது அல்ல, சூடாகி உருகிவிடும்.

சிஎக்ஸ்-4720-ஐத் தேடி வாங்கிவிடுங்கள். இன்னும் கிடைக்கிறது. கனெக்டரில் எந்த முனை பாசிட்டிவ் என்று ஊகித்துத் தானே செய்வது இந்த வேலையிலேயே மோசமான சிக்கனம். வாங்கினாலும் சரி, மவுண்ட்டை மட்டும் இணைத்து, ரேடியோ இல்லாமல், மவுண்ட் பக்கத்து முனைகளில் வோல்ட்டும் துருவமும் சரியா என்று மீட்டரில் பார்த்த பிறகுதான் ரேடியோவை ஏற்ற வேண்டும்.

வண்டியை ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் ரேடியோ ஆஃபில் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது வோல்ட் 18-க்கும் கீழே இறங்கலாம், ரிலேக்கள் படபடவென்று அடித்துக்கொள்ளும். உங்களது டீசல் என்பதால் இன்ஜின் பிடித்த பிறகும் குளோ பிளக் ரிலே சற்று நேரம் விட்டுவிட்டு இயங்கும். அந்த டக் டக் சத்தம் அடங்கிய பிறகு ரேடியோவை ஆன் செய்யுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றவே கூடாது.

---

டீசல்_கை:

இவ்வளவு எதற்கு? நிறைய பேர் இந்த வண்டியை முழுக்க 12 வோல்ட்டாக மாற்றிவிடுகிறார்கள். ஒரே ஆல்டர்னேட்டர், 12 வோல்ட் ஸ்டார்ட்டர், தலைவலி குறைவு. ரேடியோவுக்கு ஒரு 12-லிருந்து 24 பூஸ்ட் கன்வர்ட்டர் போட்டுக்கொள்ளலாமே?

---

ரெண்டு_பேட்டரி:

ஏற்கெனவே மாற்றிவிட்ட வண்டியென்றால் அதுதான் வழி, தப்பில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 25.5 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 255 வாட். கன்வர்ட்டர் 85 சதவீதம் திறன் என்றாலும் உள்ளே 300 வாட் போக வேண்டும், 13.8 வோல்ட்டில் 22 ஆம்பியர். ஆகவே தொடர்ந்து 15 ஆம்பியர் வெளியே தரக்கூடிய கன்வர்ட்டராக வாங்க வேண்டும், உச்ச அளவு 15 என்று போட்டிருப்பது போதாது. அதோடு மலிவான கன்வர்ட்டர்கள் 30 முதல் 76 மெகாஹெர்ட்ஸ் வரை இரைச்சலைக் கொட்டும். இது ரேடியோ கேட்கும் அதே பகுதி. நன்றாக ஓடும் 24 வோல்ட் வண்டியைப் பிரித்துவிட்டு, அதே 24-ஐ இரைச்சலோடு திரும்ப உண்டாக்குவதில் என்ன லாபம்?

---

ஆறுமீட்டர்:

முதலில் 52.525 விஷயம். ரேடியோவில் கோளாறு எதுவும் இல்லை. ஆர்டி-524 என்பது விஆர்சி-12 குடும்பத்து ரேடியோ. 30.00 முதல் 75.95 மெகாஹெர்ட்ஸ் வரை 50 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 920 சேனல். 52.50 இருக்கும், 52.55 இருக்கும், நடுவில் எதுவும் கிடையாது. அமெரிக்காவின் 6 மீட்டர் எஃப்எம் அழைப்பு அலைவரிசையான 52.525 அந்தப் படிக்கட்டில் உட்காராது. ராணுவ ரேடியோ வைத்திருப்பவர்கள் பலரும் 51.00-ல் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பிஆர்சி-25, பிஆர்சி-77 (முதுகில் சுமக்கும் ராணுவ ரேடியோக்கள்) வைத்திருப்பவர்களுக்கும் அதே 50 கிலோஹெர்ட்ஸ் படிதான், அவர்களோடும் பேசலாம்.

உங்கள் லைசென்ஸில் 50 முதல் 54 வரை அனுமதி, அதில் 50.0 முதல் 50.1 வரை மோர்ஸ் மட்டும். இந்த ரேடியோ அதற்கு வெளியிலும் தடையில்லாமல் டிரான்ஸ்மிட் செய்யும், தடுக்க எந்தப் பூட்டும் இல்லை. 50-க்குக் கீழே போலீஸ், தீயணைப்பு, அரசுத் துறைகள் இருக்கின்றன. 54-க்கு மேலே டிவி. கேட்பதற்கு எங்கே வேண்டுமானாலும் திருப்புங்கள், டிரான்ஸ்மிட் பட்டனில் கை வைக்கும் முன் டயலைப் பாருங்கள். கண்காட்சியில் குழந்தைகள் வந்து ஹேண்ட்செட்டை எடுத்து அழுத்துவார்கள், அப்போது பவர் ஸ்விட்ச் ஆஃபில் இருப்பது நல்லது.

இனி ஆன்டெனா. கூரை வேண்டாம். உங்கள் வண்டியில் பின்பக்கக் கூரை முழுக்க ஃபைபர்கிளாஸ், அதற்குக் கீழே எர்த் கிடையாது, 3 மீட்டர் ஆன்டெனாவின் ஆட்டத்தைத் தாங்கவும் தாங்காது. ஃபைபர்கிளாஸ் முடிந்து இரும்புத் தகடு தொடங்கும் இடத்துக்குக் கீழே, பின் மூலையில் பக்கவாட்டில் ஒரு பிராக்கெட் போடுங்கள். 6 மி.மீ. இரும்புத் தகட்டை எல் வடிவில் வளைத்தது போதும். உள்பக்கம் கையகலத்துக்கு 3 மி.மீ. தகடு ஒன்றைப் பின்னணியாக வையுங்கள். இல்லாவிட்டால் பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் பாடித் தகடு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, போல்ட்டைச் சுற்றி விரிசல் விடும். ஓட்டைகளின் இடத்தை மாட்சிங் யூனிட்டையே பிராக்கெட் மேல் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிராக்கெட் பாடியைத் தொடும் இடத்திலும் மாட்சிங் யூனிட் பிராக்கெட்டைத் தொடும் இடத்திலும் பெயிண்ட்டைச் சுரண்டி உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும். பல் வைத்த வாஷரை நடுவில் போட்டு முடுக்கி, பிறகு வெளியே கிரீஸ் தடவி மூடுங்கள். பெயிண்ட் மேல் முடுக்கிவிட்டு, "போல்ட் வழியாக எர்த் கிடைக்கும்" என்று விட்டால் ஆறு மாதம் ஓடும், மழைக்காலத்துக்குப் பிறகு எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் எண்) ஏறிக்கொண்டே போகும். முடித்ததும் மாட்சிங் யூனிட்டின் உடலுக்கும் நெகட்டிவ் பிளாக்குக்கும் இடையே மீட்டரில் ஓம் பாருங்கள். மீட்டர் வயர்களை ஒன்றோடொன்று தொட்டால் என்ன காட்டுகிறதோ அதற்கு மேல் ஏறக் கூடாது.

ஏஎஸ்-1729 நடுவில் ஊட்டம் கிடைக்கும் ஆன்டெனா. கீழ்க் கம்பிக்குள்ளே கோஆக்ஸ் ஓடி, நடுப்பகுதியில்தான் சிக்னல் வெளிவருகிறது.  இது நடைமுறையில் முக்கியம். கீழ்க் கம்பி உடைந்தால் ஏதோ ஒரு கம்பியை அதே நீளத்துக்கு வைத்து ஓட்ட முடியாது. இரண்டு கம்பிகளும் சேரும் திருகு மூட்டைக் கழற்றிப் பாருங்கள். பச்சைப் பூஞ்சணம் போலத் தெரிந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. காய வைத்து, கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்து, ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றி, சிலிகான் கிரீஸ் மெல்லிய பூச்சாகத் தடவி மூடுங்கள்.

எம்எக்ஸ்-6707 தன் வேலையை எப்படிச் செய்கிறது என்று தெரிந்தால் கோளாறு பார்ப்பது எளிது. 30 முதல் 76 வரையான பகுதி 10 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ரேடியோவில் மெகாஹெர்ட்ஸ் குமிழைத் திருப்பினால் அது சிஎக்ஸ்-4722 வழியாக எந்தத் துண்டு என்று சொல்லும், யூனிட்டுக்குள் ஒரு சின்ன மோட்டார் ஓடி ஸ்விட்ச்சை அந்த இடத்தில் நிறுத்தும். வண்டிக்கு வெளியே நின்று ஒருவரைத் திருப்பச் சொல்லுங்கள். துண்டு மாறும்போது சில நொடி விர்ர்ரென்று ஓடி நிற்க வேண்டும். 51.00 இருப்பது 47–53 துண்டில், 53-க்கு மேல் போனால் அடுத்தது. சத்தமே இல்லையென்றால் கேபிளில் 24 வோல்ட் வரவில்லை. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், அல்லது தப்பான துண்டில் நின்றால், கேபிளில் ஏதோ ஒரு கம்பி அறுந்திருக்கிறது, இல்லையேல் முனை அழுக்காகி இருக்கிறது. பெரும்பாலும் கனெக்டருக்குள் நுழையும் இடத்தில், கேபிள் வளையும் முதல் விரற்கடையிலேயே அறுந்திருக்கும். கேபிள் போய்விட்டாலும் பரவாயில்லை, யூனிட்டைக் கையாலேயே 47–53-ல் வைத்துவிட்டு 51.00-ல் மட்டும் பேசலாம். 53-க்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான்.

கோஆக்ஸ் இரு முனையிலும் பிஎன்சி. ராணுவ சிஜி-1773 கிடைக்காவிட்டால் நல்ல ஆர்ஜி-58 போதும். 5 மீட்டருக்கு இந்த அலைவரிசையில் அரை டெசிபல்தான் இழப்பு. பிஎன்சியை மட்டும் மட்டமானதாக வாங்காதீர்கள்.

---

கம்பிக்காரர்:

தளத்தில் ஓட்டை போடுவது பற்றி யாரும் சொல்லவில்லையே. தம்பி, டிரில்லை எடுப்பதற்கு முன் வண்டிக்குக் கீழே படுத்து ஒரு தடவை பாருங்கள். கே5 பிளேசரில் டீசல் டேங்க் பின் அச்சுக்குப் பின்னால், சாமான் தளத்துக்கு நேர் கீழே இருக்கிறது. மேலிருந்து கண்ணை மூடிக்கொண்டு துளைத்தால் நேராக டேங்க்தான். சட்டத்தின் ஓரமாக எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் ஓடுகின்றன.

எளிய வழி: தளத்தில் புதிய ஓட்டையே வேண்டாம். பின் சீட்டைக் கழற்றினால் அதன் பழைய போல்ட் ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு ஆங்கிள் இரும்பை முடுக்கி, அதன் மேல் மவுண்ட்டைப் போடுங்கள். மவுண்ட்டும் ரேடியோவும் சேர்ந்து 30 கிலோ அளவு வரும், பிரேக் அடித்தால் இது முன்னால் பறக்கக் கூடாத எடை. ஆகவே 10 மி.மீ. கிரேடு 8.8 போல்ட், நைலாக் நட். மவுண்ட்டின் ரப்பர் தாங்கிகளை அமுக்கிப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தாலோ வெடித்திருந்தாலோ மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வண்டியின் அதிர்ச்சி முழுக்க ரேடியோவுக்குள் போகும்.

மவுண்ட் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் அதன் உடலுக்கும் வண்டிக்கும் உலோகத் தொடர்பு இல்லை என்று எடுத்துக்கொண்டு, 2 செ.மீ. அகலச் செம்புப் பின்னல் ஒன்றைக் குட்டையாக, 20 செ.மீ.க்கு மிகாமல், மவுண்ட்டிலிருந்து பாடிக்குப் போடுங்கள். ரேடியோவின் பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள், ஆர்டி-524-க்குள் இருக்கும் காற்றாடி மூச்சு விட வேண்டும்.

---

பச்சை_பிளேசர்:

மிக்க நன்றி. டேங்க் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, டிரில்லை உள்ளே வைத்துவிட்டேன். பின் சீட் ஓட்டைகளையே பயன்படுத்துகிறேன்.

மீட்டர் அளவு: இன்ஜின் ஓடும்போது முன் பேட்டரி 14.1, பின் பேட்டரி 13.9, இரண்டும் சேர்ந்து 28.0. கேபிள் ஆர்டர் போட்டாகிவிட்டது.

ரேடியோவை வண்டியில் ஏற்றும் முன் மேஜையில் வைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். எப்படி? முன் பலகையில் ஸ்குவெல்ச் (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்குவது) ஸ்விட்ச்சில் "நியூ", "ஓல்டு" என்று இருப்பது என்ன? ஆர்டி-524-க்குப் பதில் ஆர்டி-246 வாங்கியிருக்கலாமா என்றும் ஒரு யோசனை.

---

ஆறுமீட்டர்:

உங்கள் தேவைக்கு 524-தான் சரி. 246-ல் முன்கூட்டியே வைத்துக்கொள்ளும் 10 பட்டன் உண்டு, பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடிச் சேனல் மாறும். அழகான இயந்திரம், ஆனால் தேயவும் கெடவும் கூடுதல் பாகங்கள். தவிர 246-ல் ஸ்பீக்கர் உள்ளே இல்லை, தனியாக எல்எஸ்-454 மாட்ட வேண்டும். 524-ல் ஸ்பீக்கர் முன் பலகையிலேயே இருக்கிறது.

மேஜைச் சோதனைக்கு நல்ல 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து, 30 ஆம்பியர் ஃப்யூஸோடு மவுண்ட்டுக்குக் கொடுங்கள். ஆன்டெனா இடத்தில் 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை உறிஞ்சும் மின்தடை), 50 வாட்டாவது தாங்கக்கூடியது. எதுவும் இணைக்காமல் டிரான்ஸ்மிட் செய்யாதீர்கள். இந்த ரேடியோ பெரும்பாலும் டிரான்சிஸ்டர், ஆனால் டிரான்ஸ்மிட்டரின் கடைசி நிலைகளில் வெற்றிடக் குழாய் இருக்கிறது. போக வழியில்லாமல் திரும்பும் சக்தி அதைத்தான் வதைக்கும்.

குமிழ்களை முதலில் பவர் இல்லாமல் மெதுவாக இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். வருஷக்கணக்கில் கிடங்கில் கிடந்த ரேடியோவில் கிரீஸ் பிசின் போல இறுகியிருக்கும். பலம் கொண்டு திருப்பினால் உள்ளே பல்சக்கரம் நழுவி, டயல் ஒரு எண்ணைக் காட்ட ரேடியோ வேறொன்றில் நிற்கும்.

பிறகு பவர் ஸ்விட்ச்சை லோ-வில் வைத்து, ஸ்குவெல்ச்சை ஆஃப் பக்கம் வையுங்கள். ஸ்பீக்கரில் சோவென்று மழை இரைச்சல் வர வேண்டும், இரண்டு பேண்டிலும், எல்லா மெகாஹெர்ட்ஸிலும். ஒரு குறிப்பிட்ட எண்ணில் மட்டும் இரைச்சல் குறைந்தாலோ செத்துப்போனாலோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்தப் படிக்கான கிரிஸ்டலோ ஸ்விட்ச் முனையோ போயிருக்கிறது. உங்களுக்கு 50 முதல் 54 வரை ஒழுங்காக இருந்தால் மற்றது அவசரமில்லை. கவனியுங்கள், 52.95 வரை ஏ பேண்ட், 53.00 முதல் பி பேண்ட், ஆகவே 6 மீட்டர் இரண்டு பேண்டிலும் பரவியிருக்கிறது. இரண்டையும் சோதியுங்கள். ரிசீவில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சூடோ நாற்றமோ வருகிறதா பார்த்த பிறகு டிரான்ஸ்மிட்.

முதலில் லோ, பிறகு ஹை. அழுத்தியதும் ஹேண்ட்செட்டில் உங்கள் குரலே மெல்லக் கேட்க வேண்டும், பின்னால் காற்றாடி சுற்ற வேண்டும். காற்றாடி சுற்றவில்லையென்றால் உடனே விடுங்கள். ஹை-யில் 35 வாட் அளவு வர வேண்டும். பேர்ட் 43 என்ற வாட்மீட்டர் இருந்தால் 50ஏ எலிமென்ட் இதற்குச் சரியான பொருத்தம், 25 முதல் 60 மெகாஹெர்ட்ஸ் வரை 50 வாட். சிட்டிசன் பேண்ட் மீட்டர்கள் 27-க்காகச் செய்தவை, 51-ல் அவை காட்டும் வாட்டை நம்ப வேண்டாம். நீண்ட பேச்சு வேண்டாம், ஒரு நிமிடம் பேசினால் சில நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் பேச்சு போகவில்லை என்றால் ரேடியோவைத் திறக்கும் முன் ஹேண்ட்செட் பிளக்கைப் பாருங்கள். அந்த 5 முனை சாக்கெட்டில் ஏ எர்த், பி காதுக்கு வரும் ஒலி, சி டிரான்ஸ்மிட் பட்டன், டி மைக். முனைகள் கறுத்து டி தொடாமல் இருப்பதுதான் பத்தில் எட்டு தடவை காரணம். ரப்பரால் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். எச்-250 ஹேண்ட்செட்டும் இதில் ஓடும்.

ஸ்குவெல்ச்: "ஓல்டு" என்பது எந்தச் சிக்னல் வந்தாலும் திறக்கும். "நியூ" என்பது சிக்னலோடு 150 ஹெர்ட்ஸ் டோன் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். ராணுவ ரேடியோக்கள் இதைத் தானாகவே அனுப்பும். எதிரில் இருப்பவர் சாதாரண ஹாம் ரேடியோ வைத்திருந்தால், நீங்கள் நியூ-வில் இருக்கும்வரை அவர் குரல் கேட்கவே கேட்காது, ரேடியோ செத்துவிட்டது என்றுதான் தோன்றும். அவரை 151.4 ஹெர்ட்ஸ் டோன் வைக்கச் சொல்லுங்கள், 150-க்குப் பக்கத்தில் இருப்பதால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். இல்லையென்றால் நீங்கள் ஓல்டு-க்கு மாறுங்கள்.

இன்னொன்று. பேசும்போது இந்த ரேடியோவின் அலைவரிசை ±8 கிலோஹெர்ட்ஸ் வரை விலகும், இன்றைய ஹாம் ரேடியோ ±5-க்கு அமைந்தது. ஹேண்ட்செட்டில் கத்திப் பேசினால் எதிர்முனையில் குரல் கரகரத்து வெட்டுப்படும். வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்து, சாதாரணக் குரலில் பேசுங்கள். அவர் குரல் உங்களுக்கு மெதுவாகக் கேட்பதும் இதே காரணத்தால்தான். அதைக் கோளாறு என்று எண்ணி வால்யூமை முழுக்க ஏற்றிவைத்தால், அடுத்து வரும் பிஆர்சி-77 காதைப் பிளக்கும்.

---

டீசல்_கை:

இதற்குப் பதில் சின்கார்ஸ் (ராணுவத்தின் பிந்தைய தலைமுறை ரேடியோ) ஆர்டி-1523 போட்டால் 52.525 கிடைக்குமே?

---

ஆறுமீட்டர்:

கிடைக்கும். அது 25 கிலோஹெர்ட்ஸ் படி, 30 முதல் 87.975 வரை, ஒற்றைச் சேனல் முறையில் எந்த ரகசியக் குறியீட்டுச் சாவியும் இல்லாமல் பேசும். ஆனால் வண்டியில் வைக்கத் தனி மவுண்ட்டும் ஏஎம்-7239 அடாப்டரும் வேண்டும், 50 வாட் வேண்டுமென்றால் ஏஎம்-7238 ஆம்ப்ளிஃபயரும். பிரித்துப் பாழாக்கி விற்ற யூனிட்டுகள் சந்தையில் நிறைய. மேஜையில் ஓடிக் காட்டாமல் வாங்காதீர்கள். 80-களின் எம்1009-க்குக் காலத்தால் பொருந்துவதும், இங்கே உள்ள மவுண்ட்டில் உட்காருவதும் 524-தான்.

---

கம்பிக்காரர்:

இரைச்சல் பற்றி. பெட்ரோல் வண்டிக்காரர்களின் பெரிய தொல்லை ஸ்பார்க் பிளக். இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்புகளின் பானெட்டில் வண்டி எண்ணுக்குப் பின்னால் "எஸ்" எழுத்து இருப்பது, அந்த வண்டியில் ரேடியோ இரைச்சல் அடக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டத்தான். உங்களது டீசல், அந்தத் தொல்லை இல்லை. மிச்சம் இருப்பவை ஆல்டர்னேட்டரும் மோட்டார்களும் புதிதாக மாட்டிய பொருட்களும்.

51.00-ல் ஸ்குவெல்ச்சைத் திறந்துவிட்டு, தூரத்து நிலையம் ஒன்று மெலிதாகக் கேட்கும்போது இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து ஏறும் ஊளைச் சத்தம் ஆல்டர்னேட்டர். எது என்று பிரிக்க, இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓட்டுங்கள். இன்ஜினை நிறுத்தியும் இரைச்சல் இருந்தால் ஹீட்டர் காற்றாடி, வைப்பர், போன் சார்ஜர், எல்ஈடி பல்பு என்று ஒவ்வொன்றாக அணையுங்கள். மலிவான எல்ஈடி முகப்பு விளக்கும் யுஎஸ்பி சார்ஜரும்தான் இந்தப் பகுதியில் அதிகம் கத்துபவை. சார்ஜரைக் கழற்றிவிடலாம், விளக்கின் வயரில் 43 வகை ஃபெரைட் வளையத்தில் நாலைந்து சுற்று சுற்றலாம். அதற்கும் அடங்காவிட்டால் பழைய ஹாலஜனைத் திரும்பப் போடுவதுதான் வழி.

பிறகு பாண்டிங். பானெட், டெயில்கேட், இன்ஜின், சட்டம், சைலன்சர் குழாய், இவை ஒவ்வொன்றும் பாடியோடு பின்னல் பட்டையால் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். கீல் வழியாக மட்டும் தொடும் தகடு ஓடும்போது அசைந்து சரசரவென்று இரைச்சல் தரும். நின்றால் சுத்தம், ஓட்டினால் மட்டும் சத்தம் என்றால் இதுதான்.

---

பச்சை_பிளேசர்:

கடைசியாக ஒன்று. ஆன்டெனாவை நிமிர்த்தி வைத்தே ஓட்டலாமா, கட்டித்தான் ஆக வேண்டுமா? கண்காட்சியில் நாள் முழுக்க ரேடியோவை ஆன் செய்து வைத்தால் பேட்டரி தாங்குமா?

---

ஆறுமீட்டர்:

கட்டித்தான் ஓட்ட வேண்டும். பிராக்கெட் தரையிலிருந்து 1.2 மீட்டரில் இருந்தால் நுனி 4.2 மீட்டரைத் தாண்டும். வீட்டுத் தெருக்களில் குறுக்கே போகும் கம்பிகள், மரக்கிளை, பெட்ரோல் பங்க் கூரை எல்லாம் அந்த உயரத்தில்தான். நுனிக்குக் கொஞ்சம் கீழே கிளிப் மாட்டி, நைலான் கயிற்றால் முன்பக்கம் வளைத்துக் கட்டுங்கள். இரும்புக் கம்பியோ சங்கிலியோ கூடாது, அது ஆன்டெனாவின் ஒரு பகுதியாகிவிடும். வளைத்த நுனி எந்த இடத்திலும் 2 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது, பக்கத்தில் நடப்பவர் கண்ணில் படும். நுனித் தொப்பி இல்லாத கம்பி வெளியே வரவே கூடாது. கட்டிய நிலையில் பேசலாம், எஸ்டபிள்யூஆர் கொஞ்சம் ஏறும், தூரம் குறையும், பாதகமில்லை.

நிறுத்திவிட்டு அவிழ்ப்பதற்கு முன் மேலே பாருங்கள். மின்கம்பி தலைக்கு மேலே இருக்கிற இடத்தில் அவிழ்க்கவே வேண்டாம், ஆன்டெனா நிமிரும் வேகத்தில் கம்பியில் அடிக்கும். ஹை-யில் பேசும்போது யாரும் ஆன்டெனாவைத் தொடாமல் ஒரு மீட்டருக்கு அப்பால் நிற்கட்டும், 35 வாட் தோலைச் சுடப் போதும்.

---

ரெண்டு_பேட்டரி:

பேட்டரிக்கு: ரிசீவில் மட்டும் 3 ஆம்பியர். பேட்டரி 70 ஆம்பியர்-மணி என்றால் பாதி தீர்வதற்கு 11, 12 மணி நேரம். அதற்குள் டிரான்ஸ்மிட்டும் செய்தால் இன்னும் சீக்கிரம். பழைய பேட்டரி அதில் பாதி கூடத் தாங்காது, டீசல் இன்ஜினைச் சுற்ற நல்ல சார்ஜ் வேண்டும். 24 பிளாக்கில் ஒரு வோல்ட்மீட்டர் வையுங்கள். ரேடியோ ஓடும்போதே 24.4-க்கு இறங்கினால் ரேடியோவை அணைத்துவிட்டு இன்ஜினை ஓட்டுங்கள், பிறகு திரும்ப ஆன் செய்யலாம். வீட்டுக்கு வந்ததும் மவுண்ட்டின் பவர் ஸ்விட்ச்சையும் ஆஃப் செய்யுங்கள், ரேடியோவின் ஸ்விட்ச் மட்டும் போதாது.